லவ்கிராஃப்ட் தனியாகத்தான் எழுதினாரா?

பதிலை மட்டும் படிக்க வருகிறவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். "லவ்கிராஃப்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் அறைக்குள் அடைந்து கிடந்து, யாருக்கும் தெரியாமல் எழுதி, வறுமையில் செத்துப்போனார் என்கிறார்கள். அப்படியானால் அவருடைய க்துலு என்ற கற்பனைத் தெய்வம், நெக்ரோனாமிகன் என்ற கற்பனைப் புத்தகம் எல்லாம் அதே காலத்தில் வேறு பத்துப் பேர் கதைகளில் எப்படி வந்தன? காப்பியடித்தார்களா, காசு கொடுத்து உரிமை வாங்கினார்களா?" இதுதான் கேட்டது. காப்புரிமைக் கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, ஒற்றை ஆளின் விநோதக் கற்பனை எப்படி ஒரு கூட்டத்தின் பொதுச்சொத்து ஆனது என்பதைத்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் சொல்லிவிட்டு, காப்புரிமைக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் பேராசிரியன் இல்லை. பதினேழு வருஷமாக இந்தக் கதைகளைப் படிக்கிறேன். கதைகளைவிட அதிகமாக, இவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களைப் படிக்கிறேன். சில கதைகளைத் தமிழில் பெயர்க்க முயன்று, பெரும்பாலும் தோற்று, நோட்டிலேயே வைத்திருக்கிறேன். லவ்கிராஃப்ட்டின் கைப்பிரதிகளும் ஏராளமான கடிதங்களும் அவருடைய ஊரான பிராவிடன்ஸில், பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹே நூலகத்தில் இருக்கின்றன. நான் அங்கே போனதில்லை. அச்சான தொகுப்புகளும், பழைய இதழ்களின் ஸ்கேன் பிரதிகளும்தான் எனக்குத் தெரிந்த உலகம்.

சுருக்கமான பதில்: யாரும் காப்பியடிக்கவில்லை, காசும் கைமாறவில்லை. தெருவில் பக்கத்து வீடுகள் குழம்பையும் பொரியலையும் கிண்ணத்தில் மாற்றிக்கொள்வதுபோல, இவர்கள் தெய்வங்களையும் சபிக்கப்பட்ட புத்தகங்களையும் மாற்றிக்கொண்டார்கள். எல்லாம் தபாலில் நடந்தது. பாதிப் பேர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை.

வியர்ட் ஃபிக்‌ஷன் என்ற இவர்களுடைய விநோதக் கதை வகையை 'பேய்க்கதை' என்று சொல்லிவிட முடியாது என்பதால் ஒரு வார்த்தை. நம் ஊரில் முனி எந்தப் புளியமரத்தில் இருக்கிறது, அதற்கு என்ன படைத்தால் விடும் என்று சொல்ல ஓர் ஆள் எப்போதும் இருப்பார். அதாவது, அதோடு பேச்சுவார்த்தை நடத்தலாம். லவ்கிராஃப்ட் வகைக் கதையில் அந்த வசதி இல்லை. அங்கே வருவதற்கு மனிதன் ஒரு பொருட்டே இல்லை. நம்மைப் பழிவாங்கக்கூட அதற்கு அக்கறை கிடையாது. 1927-ல், தன் கதைகளைப் போட்டுவந்த பத்திரிகையின் ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட்டுக்கு எழுதிய கடிதத்தில் லவ்கிராஃப்ட் இதைத்தான் தன் கதைகளுக்கெல்லாம் அடிப்படை என்கிறார்: மனிதச் சட்டங்களுக்கும் ஆசைகளுக்கும் உணர்ச்சிகளுக்கும் இந்தப் பெரிய அண்டத்தில் செல்லுபடி கிடையாது. என் மொழிபெயர்ப்பு ஒவ்வொரு முறையும் தோற்றது இந்த இடத்தில்தான். 'பிசாசு', 'பூதம்' என்று எதைப் போட்டாலும் அது சட்டென்று நம் சொந்தக்காரர் ஆகிவிடுகிறது.

இப்போது அந்த 'அறைக்குள் அடைந்து கிடந்த' படத்துக்கு வருவோம். அதில் ஓர் ஐந்து வருஷம் உண்மை. 1890-ல் பிறந்தவர், 1908-ல் நரம்புத் தளர்ச்சியில் பள்ளிப் படிப்பை முடிக்காமலே விட்டார். அதிலிருந்து 1913 வரை அம்மாவோடு வீட்டிலேயே கிடந்தார். அவரை வெளியே இழுத்தது எது தெரியுமா? ஒரு வாசகர் கடிதம். ஆர்கசி என்ற பத்திரிகையில் ஒருவர் உருகி உருகி எழுதிய காதல் கதைகள் இவருக்குத் தாங்கவில்லை. கடுப்பில் ஆசிரியருக்கு எழுதினார். அந்தக் கதைகளின் ரசிகர்கள் திருப்பி எழுதினார்கள். இவர் செய்யுளிலேயே பதில் சொன்னார்; எதிராளியும் செய்யுளிலேயே வந்தார். மாதக்கணக்கில் கடிதப் பகுதி ரகளை. இதைக் கவனித்த ஓர் அமெச்சூர் பத்திரிகைச் சங்கத்துக்காரர் 1914-ல் லவ்கிராஃப்ட்டைத் தங்கள் சங்கத்தில் சேரச் சொன்னார். சந்தா, விற்பனை என்று எதுவும் இல்லாமல், உறுப்பினர்கள் தாங்களே அச்சடித்துத் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் சிறு இதழ்களின் சங்கம் அது. கையெழுத்துப் பத்திரிகை நடத்திய தாத்தா யாராவது உங்கள் வீட்டில் இருந்திருந்தால் அந்த மனநிலை சட்டென்று புரியும். 1915-ல் தனக்கென ஓர் இதழ் தொடங்கினார். சிறுவயதில் எழுதி நிறுத்திவிட்ட கதைகளை மறுபடி எழுது என்று 1917-ல் அவரை உந்தியவரும் அந்தச் சங்கத்து நண்பர், பால் குக். அப்போது எழுதிய 'டேகன்' முதலில் 1919-ல் குக்கின் இதழில்தான் வந்தது. காசு கொடுக்கும் பத்திரிகைக்கு அது போனது 1923-ல். பின்னால் மணந்துகொண்ட சோனியாவைச் சந்தித்ததுகூட 1921-ல் பாஸ்டனில் நடந்த அமெச்சூர் மாநாட்டில்தான்.

காசு கொடுத்த அந்தப் பத்திரிகை வியர்ட் டேல்ஸ். 1923 மார்ச்சில் முதல் இதழ். சாணித்தாளில் அச்சாகி வந்த மலிவுப் பத்திரிகைகளில் ஒன்று. ஆனால் விலை 25 சென்ட், அந்த ரகத்துக்குக் கொஞ்சம் அதிகம். 1924 கடைசியிலிருந்து 1940 வரை ரைட் ஆசிரியர். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கிக்கொண்டே நடத்தினார். இந்தப் பத்திரிகையின் உயிர் அதன் கடிதப் பகுதியில் இருந்தது. 'கழுகுக் கூடு' என்று பொருள்படும் 'ஐரி' என்ற பெயரில் இதழ்தோறும் வரும். போன இதழில் எது சிறந்த கதை என்று வாசகர்கள் ஓட்டுப் போடுவார்கள். ரைட் முடிவைச் சொல்லுவார். பழைய இதழ்களைப் புரட்டும்போது நான் முதலில் போவது இந்தப் பகுதிக்குத்தான். இன்றைக்குக் கடிதம் எழுதுகிறவர் நாளைக்குக் கதை எழுதுவார். கதை எழுதியவர் அடுத்த மாதம் இன்னொருவர் கதையைப் பாராட்டிக் கடிதம் எழுதுவார். வாசகர், எழுத்தாளர் என்று கோடு போட்டுப் பிரிக்க முயன்று நான் கைவிட்டிருக்கிறேன். பின்னால் நாடகத்தில் பெரும்புகழ் பெற்ற டென்னசி வில்லியம்ஸின் அச்சான முதல் கதைகூட 1928 ஆகஸ்ட் வியர்ட் டேல்ஸில் வந்ததுதான். எகிப்து ராணி பழிவாங்கும் கதை. 35 டாலர் கிடைத்தது.

இந்தக் கூட்டம் எப்படிச் சேர்ந்தது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஒரு மொழிப் பிழை. லவ்கிராஃப்ட்டின் 'சுவர்களுக்குள் எலிகள்' கதை 1924-ல் வந்து, 1930 ஜூனில் மறுபிரசுரம் ஆனது. கடைசிக் காட்சியில் நாயகனுக்குப் புத்தி பேதலிக்கிறது. அவன் வாயில் பழைய ஆங்கிலம், அதற்கும் பழையது, லத்தீன் என்று மூதாதையர் மொழிகள் பின்னோக்கி வந்து, கடைசியில் வெறும் உறுமலாகின்றன. அந்த உறுமலுக்கு முந்திய வரிகள், ஸ்காட்லாந்து, அயர்லாந்து பக்கத்து கேலிக் மொழியில் இருந்தன. டெக்சாஸில் கிராஸ் பிளெயின்ஸ் என்ற சின்ன ஊரில் இருந்த 24 வயது ராபர்ட் ஹாவர்டுக்கு (கோனன் என்ற காட்டுமிராண்டி வீரனின் கதைகளை எழுதியவர் இவர்தான்; அது இரண்டு வருஷம் கழித்து) இது உறைத்தது. கதை நடப்பது தெற்கு இங்கிலாந்தில். அங்கே வெல்ஷ் இனத்து மொழியல்லவா வரவேண்டும்? கேலிக் மக்கள்தான் பிரிட்டனுக்கு முதலில் வந்தவர்கள் என்ற பழைய கொள்கையை இந்த எழுத்தாளர் தெரிந்தே ஏற்கிறார்போல என்று வியந்து ரைட்டுக்கு எழுதினார். ரைட் கடிதத்தை அப்படியே லவ்கிராஃப்ட்டுக்கு அனுப்பினார். லவ்கிராஃப்ட் ஒப்புக்கொண்டார்: கொள்கையெல்லாம் ஒன்றும் இல்லை, கைக்குக் கிடைத்த கேலிக் வரிகளை இன்னொருவர் கதையிலிருந்து எடுத்துப் போட்டேன். அங்கே தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1936-ல் ஹாவர்ட் தற்கொலை செய்துகொள்ளும் வரை ஆறு வருஷம் நடந்தது. நாகரிகம் பெரிதா, காட்டுமிராண்டி வாழ்க்கை பெரிதா என்று பக்கம் பக்கமாகச் சண்டை. ஒருநாள்கூட நேரில் சந்திக்கவில்லை.

நீங்கள் கேட்ட கேள்வியையே ஹாவர்டும் லவ்கிராஃப்ட்டிடம் கேட்டிருக்கிறார் என்றால் நம்புவீர்களா? அந்தக் கதை இது. லவ்கிராஃப்ட்டின் வயிற்றுப்பாடு பெரும்பாலும் மற்றவர்கள் கதைகளைத் திருத்திக் கொடுப்பதில் ஓடியது. திருத்துவது என்றால், பல நேரம் முழுக்கத் தானே எழுதுவது. அப்படி எழுதும்போது தன் கற்பனைத் தெய்வங்களை அங்கங்கே தூவிவிடுவார். பத்திரிகையைப் படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? மூன்று வெவ்வேறு பெயரில் மூன்று பேர் யோக்-சோதோத் என்கிறார்களே, அப்படியானால் ஏதோ உண்மையான பழைய மரபு இருக்க வேண்டும் என்றே தோன்றும். ஹாவர்டின் கதை ஒன்றில் கதுலோஸ் என்றொரு பாத்திரம் வருகிறது. அது க்துலுவோடு தொடர்புடையதா என்று ஐரியில் ஒரு வாசகர் கேட்டார். உண்மையில் அந்த ஒற்றுமை தற்செயல். இதைப் பார்த்த ஹாவர்ட், இந்தப் புராணத்தின் மூலம் எங்கே கிடைக்கும் என்று லவ்கிராஃப்ட்டைக் கேட்டார். 1930 ஆகஸ்டில் பதில் வந்தது: இது முழுக்க நான் கலந்து செய்த சரக்கு, நிஜமான புராணம்போல ஒலிக்கட்டும் என்று நண்பர்களும் நானும் அங்கங்கே சேர்க்கிறோம். அதோடு விட்டாரா? தன் அடுத்த பெரிய கதையில் அந்தக் கதுலோஸையும் ஒரு பட்டியலில் சேர்த்துவிட்டார். ஒரு வாசகர் தவறாகப் போட்ட முடிச்சு உண்மையான முடிச்சாகிவிட்டது.

அதே கதையில் இன்னொரு கூத்து. கலிபோர்னியாவின் ஆபர்ன் ஊரில் கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் என்றொரு கவிஞர். 1922-ல் அவருடைய கவிதைகளைப் படித்துவிட்டு லவ்கிராஃப்ட்தான் முதலில் ரசிகர் கடிதம் எழுதினார். பதினைந்து வருஷ நட்பு, சந்திப்பு இல்லை. ஸ்மித் தன் கதை ஒன்றுக்காக சத்தோகுவா என்று தேரை மாதிரி தொப்பையோடு ஒரு சோம்பேறித் தெய்வத்தை உருவாக்கி, கைப்பிரதியை லவ்கிராஃப்ட்டுக்கு அனுப்பினார். லவ்கிராஃப்ட்டுக்கு அதைப் பார்த்ததும் ஆசை. உடனே கடன் வாங்கிக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், கடன் வாங்கியவர் கதை 1931 ஆகஸ்டில் அச்சானது. கொடுத்தவர் கதை நவம்பரில்தான் வந்தது. பத்திரிகை வாசகர்கள் பார்வையில் ஸ்மித்தான் திருடர்! அதே கதையில் 'கிளார்க்காஷ்-டோன்' என்ற அட்லாண்டிஸ் பூசாரி ஒருவரும் போகிற போக்கில் வருகிறார். சத்தமாகப் படித்தால் யாரென்று தெரியும்.

சபிக்கப்பட்ட புத்தகங்களும் இப்படித்தான். லவ்கிராஃப்ட்டுக்கு நெக்ரோனாமிகன், ஸ்மித்துக்கு எய்பனின் நூல், ஹாவர்டுக்கு ஃபான் யுன்ட்ஸ் என்ற ஜெர்மானியர் எழுதிய கறுப்புப் புத்தகம். ஆளுக்கொன்று, எல்லாரும் எல்லாவற்றையும் மேற்கோள் காட்டலாம். நெக்ரோனாமிகன் எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களிடம் லவ்கிராஃப்ட் பொய் சொன்னதில்லை. அப்படி ஒன்று இல்லை என்றே எழுதினார். ஆனால் தன் வசதிக்காக 1927-ல் அதற்கு ஒரு பொய் வரலாறும் எழுதி வைத்துக்கொண்டார்: எந்த ஆண்டு யார் மொழிபெயர்த்தார், எந்தப் போப் தடை செய்தார் என்பது உட்பட.

இளைஞர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதற்கு ராபர்ட் பிளாக் போதும். மில்வாக்கி நகரத்துப் பையன். 1933-ல், 16 வயதில், உங்கள் பழைய கதைகள் எங்கே கிடைக்கும் என்று லவ்கிராஃப்ட்டுக்கு எழுதினான். நானே இரவல் தருகிறேன் என்று பதில். சில கடிதங்களிலேயே, நீயும் எழுதிப் பாரேன், நான் படித்துச் சொல்கிறேன் என்றார். அடுத்த வருஷமே 17 வயதில் பிளாக் வியர்ட் டேல்ஸுக்குக் கதை விற்றார். (அதே சூட்டில் கோனன் கதைகளைக் கிண்டலடித்து ஐரிக்கு ஒரு கடிதமும் எழுதி, ஹாவர்ட் ரசிகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.) பிறகு ஒரு கதையில், பிராவிடன்ஸில் வாழும் ஒரு விநோதக் கதை எழுத்தாளரை நட்சத்திரங்களிலிருந்து வரும் ஏதோ ஒன்று ரத்தம் உறிஞ்சிக் கொல்வதாக எழுத நினைத்தார். அது யார் என்று எல்லாருக்கும் தெரியுமே. ரைட் தயங்குவாரோ என்று லவ்கிராஃப்ட்டிடம் முறையாக அனுமதி கேட்டார். வந்தது ஒரு சட்டப் பத்திரம்! கீழே கையெழுத்திட்டிருப்பவரைச் சித்திரிக்கவும், கொல்லவும், சிதைக்கவும், உருமாற்றவும், வேறு எப்படி வேண்டுமானாலும் பந்தாடவும் பிளாக்குக்கு முழு அதிகாரம். சாட்சிக் கையெழுத்து, நெக்ரோனாமிகனை எழுதிய அப்துல் அல்ஹசரத் முதலானோர். 1935 செப்டம்பரில் கதை வந்தது. ஐரியில் ஒரு வாசகர், லவ்கிராஃப்ட் இதற்குப் பதிலடி கொடுக்கவேண்டாமா என்று சீண்டினார். நவம்பரிலேயே லவ்கிராஃப்ட் உட்கார்ந்து எழுதினார். மில்வாக்கியிலிருந்து வந்த ராபர்ட் பிளேக் என்ற இளம் எழுத்தாளன், பிராவிடன்ஸில் ஒரு பாழடைந்த தேவாலயத்தைக் கிளறப்போய், புயல் இரவில் ஜன்னலைப் பார்த்தபடி செத்துக் கிடக்கிறான். அவனுடைய மில்வாக்கி முகவரியாக லவ்கிராஃப்ட் கொடுத்திருப்பது பிளாக்கின் உண்மையான வீட்டு முகவரி. அவன் குடியிருந்து சாகும் வீடு லவ்கிராஃப்ட் அப்போது குடியிருந்த வீடேதான். அவர் கடைசியாகத் தன் பெயரில் எழுதிய பெரிய கதை இது. 1936 டிசம்பரில் அச்சானது.

கல்யாணம்கூட நடந்திருக்கிறது. இண்டியானாபொலிஸில் ஒரு வங்கியில் வேலை பார்த்த கேத்தரின் மூர், மேல்வருமானம் வங்கிக்குத் தெரியக்கூடாது என்று சி. எல். மூர் என்று எழுதினார். முதல் கதை 1933 நவம்பரில் வந்தது. ஹென்றி கட்னர் என்ற இளம் எழுத்தாளர், லவ்கிராஃப்ட் வட்டத்தில் ஒருவர், 1936-ல் 'திரு. மூர் அவர்களுக்கு' என்று ரசிகர் கடிதம் எழுதினார். 1940-ல் இருவரும் மணந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு எழுதியதில் எது யாருடையது என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. ஒருவர் டைப்ரைட்டரை விட்டு எழுந்தால் மற்றவர் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வாராம். மூரின் அந்த முதல் கதையின் கைப்பிரதி வந்த அன்று ரைட் சந்தோஷத்தில் அலுவலகத்துக்கே விடுமுறை விட்டார் என்றும் ஒரு கதை உண்டு. அது ஒரு நண்பர் பின்னாளில் சொன்ன நினைவு. நம்ப ஆசை; சத்தியம் பண்ணமாட்டேன்.

இதெல்லாம் ஒரே அன்புமயம் என்று நினைத்துவிடாதீர்கள். பத்திரிகை கதையை ஏற்கும்போது பணம் தராது, அச்சான பிறகுதான் தரும், அதுவும் இழுத்தடிக்கும். 1935 மே மாதம் ஹாவர்ட் ரைட்டுக்கு எழுதிய கடிதம் படிக்கவே சங்கடமாக இருக்கும்: 800 டாலருக்கு மேல் பாக்கி, அம்மாவோ சாகக் கிடக்கிறார், ஆனதைக் கொடுங்கள் என்கிறார். க்துலு கதையை ரைட் முதலில் திருப்பி அனுப்பினார். பின்னால் மனம் மாறி 165 டாலர் கொடுத்து 1928 பிப்ரவரியில் போட்டார். அண்டார்டிகா குறுநாவலை 1931-ல் திருப்பி அனுப்பியபோது லவ்கிராஃப்ட் நொறுங்கிவிட்டார். அதிலிருந்து அவருடைய எழுத்தே குறைந்துபோனது. ஆனால் கடிதம் எழுதுவது மட்டும் நிற்கவில்லை. 1932 ஜூலை வரை கடிதத்துக்கு 2 சென்ட் தபால்தலை, அப்புறம் 3 சென்ட். அவருக்குக் கிடைத்த ஊதியத்தில் ஒரு தபால்தலை என்பது கதையில் இரண்டு வார்த்தை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு தபால்தலை வாங்கிய ஆள்.

எத்தனை கடிதம் எழுதினார்? 75,000 என்றும் ஒரு லட்சம் என்றும் எண்கள் சுற்றுகின்றன. இரண்டுமே ஆய்வாளர்களின் மதிப்பீடுகள்தான். ஒருநாளைக்கு இத்தனை என்று வைத்து வருஷத்தால் பெருக்கிய கணக்கு. நம் கைக்கு எட்டியிருப்பது அதில் ஒரு சிறு பங்கு. ஆகவே அந்த எண்ணை யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள்.

இதைவிட முக்கியமான திருத்தம் ஒன்று உண்டு. "என் கதைகளெல்லாம், மாந்திரீகம் செய்து விரட்டப்பட்ட ஓர் இனம் மறுபடி உலகைப் பிடிக்கக் காத்திருக்கிறது என்ற அடிப்படையில் அமைந்தவை" என்று லவ்கிராஃப்ட் சொன்னதாக ஒரு மேற்கோள் பல புத்தகங்களில் இருக்கிறது. அவருடைய எந்தக் கடிதத்திலும் அது கிடையாது. அவரோடு சில கடிதங்கள் பரிமாறிக்கொண்ட ஓர் இசையமைப்பாளர், ஹரால்ட் ஃபார்னீஸ், லவ்கிராஃப்ட்டின் கதைகளைப் பின்னால் பதிப்பித்த நண்பர் ஆகஸ்ட் டெர்லெத்துக்குத் தன் ஞாபகத்திலிருந்து எழுதியது அது என்று ஆய்வாளர் டேவிட் ஷுல்ட்ஸ் கண்டுபிடித்துச் சொன்னார். டெர்லெத் அதைப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. கத்தோலிக்கரான அவருக்கு நல்லது கெட்டது என்று இரண்டு அணி இருந்தால்தான் கதை. மேலே சொன்ன 1927 கடிதத்தோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒருவர் வாயிலிருந்து வந்திருக்க முடியாது.

ஆனாலும் டெர்லெத்தைத் திட்ட எனக்கு மனம் வராது. 1937 மார்ச் 15-ல் லவ்கிராஃப்ட் குடல் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு 46 வயது. அதுவரை புத்தகமாக வந்தது ஒன்றே ஒன்று: 1936-ல் ஒரு நண்பர் தன் சின்ன அச்சகத்தில் அடித்த இன்ஸ்மவுத் கதை. சுமார் 200 பிரதி. அச்சுப்பிழை ஏராளம், பிழைதிருத்தத் தாளிலும் பிழை. விஸ்கான்சினின் சாக் சிட்டியில் இருந்த டெர்லெத்தும், மினசோட்டாக்காரரான டொனால்ட் வான்ட்ரியும் கதைகளைத் திரட்டினார்கள். பெரிய பதிப்பகங்கள் வேண்டாம் என்றதும் 1939-ல் ஆர்க்கம் ஹவுஸ் என்று தாங்களே பதிப்பகம் தொடங்கினார்கள். முதல் புத்தகம் 1,268 பிரதி, விலை 5 டாலர். முன்பதிவு செய்தவர்கள் 150 பேர் அளவில்தான். அத்தனையும் விற்க நான்கு வருஷம் பிடித்தது. டெர்லெத்தும் லவ்கிராஃப்ட்டை நேரில் பார்த்ததே இல்லை.

கைப்பிரதிகளைக் காப்பாற்றியது இன்னொரு பையன், ராபர்ட் பார்லோ. லவ்கிராஃப்ட் 1934-ல் ஃபுளோரிடாவுக்கு விருந்தாளியாகப் போய் இறங்கிய பிறகுதான் இவ்வளவு நாள் கடிதம் எழுதியவன் பதினாறு வயதுகூட நிரம்பாத பையன் என்று அவருக்குத் தெரிந்தது. நான் தட்டச்சு செய்து தருகிறேன், கையெழுத்துப் பிரதியை எனக்கே கொடுத்துவிடுங்கள் என்பது பார்லோவின் ஒப்பந்தம். டைப் அடிப்பது லவ்கிராஃப்ட்டுக்கு வேப்பங்காய், சந்தோஷமாகக் கொடுத்தார். சாகும்போது தன் எழுத்துக்குப் பொறுப்பாளராக அவரையே எழுதி வைத்தார். பார்லோ அதையெல்லாம் ஜான் ஹே நூலகத்தில் சேர்த்தார். அதற்குக் கிடைத்த பரிசு, வான்ட்ரியின் விரோதமும், இனி எனக்கு எழுதாதே என்று ஸ்மித் அனுப்பிய சீட்டும். பார்லோ மெக்சிகோவுக்குப் போய், அங்கத்திய பழங்குடி மொழியான நவாட்லில் அறிஞரானார். 1951 ஜனவரியில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இந்த வட்டத்தைப் பற்றி இனிக்க இனிக்க எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் அப்படிப் புரட்டக்கூடாது. லவ்கிராஃப்ட் இனவெறியர். 'அந்தக் காலம் அப்படி' என்று சமாளிக்க முடியாத அளவுக்கு, கடிதங்களில் அப்பட்டமாக இருக்கிறது. நண்பர்களே அவரோடு வாதாடியிருக்கிறார்கள். என் நிறத்துக்காரனை அவர் தன் வீட்டுத் தெருவில் விரும்பியிருக்கமாட்டார் என்பது தெரிந்தேதான் நான் படிக்கிறேன். 1975 முதல் உலக ஃபேன்டஸி விருதாகக் கொடுக்கப்பட்ட அவருடைய தலைச்சிலை, எழுத்தாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2015-ல் நிறுத்தப்பட்டது. சரியான முடிவு என்பது என் கருத்து. அவருடைய மோசமான கதைகளில் ஒன்றான 'ரெட் ஹுக்'கை ஒரு கறுப்பினத்தவர் கண்ணால் திருப்பி எழுதினார் விக்டர் லாவல், 2016-ல். என் முரண்பட்ட உணர்வுகள் அத்தனையோடும் உமக்கு என்று லவ்கிராஃப்ட்டுக்கே அதைக் காணிக்கையாக்கினார். கடிதத்துக்குக் கடிதம், கதைக்குக் கதை என்ற பழைய வழக்கம் இன்னும் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

காப்புரிமை: இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருஷம். லவ்கிராஃப்ட்டுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது; ஆகவே நீங்கள் தமிழில் மொழிபெயர்க்கலாம், க்துலுவை உங்கள் கதையில் விடலாம். பிளாக் 1994-ல் இறந்தவர், அவர் கதைகளில் கை வைக்காதீர்கள். நான் வக்கீல் இல்லை. வெளிநாட்டில் பதிப்பிப்பதாக இருந்தால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எங்கே தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பிளாக் லவ்கிராஃப்ட்டைக் கொன்ற கதையை முதலில் படியுங்கள். விடலைத்தனமாக இருக்கும், பரவாயில்லை. உடனே லவ்கிராஃப்ட் பிளாக்கைக் கொன்ற கதை. இரண்டும் ஒரே மாலையில் முடிந்துவிடும். அப்புறம் மூன்றாவது ஒன்று இருக்கிறது. செத்துப்போன ராபர்ட் பிளேக்கின் நண்பன் ஒருவன், அந்த மரணத்துக்குக் காரணம் தேடிப் பிராவிடன்ஸுக்கு வருகிறான். கதைக்குள்ளேயே லவ்கிராஃப்ட்டின் பெயரும் வருகிறது. 1950 செப்டம்பர் வியர்ட் டேல்ஸில் வந்தது, எழுதியவர் பிளாக். அப்போது அவருக்கு 33 வயது. இந்த முறை அனுமதி கேட்க ஆள் இல்லை.